ஹோம் தியேட்டருக்கு சர்ஜ் பாதுகாப்பு: ஸ்பைக் பஸ்டரோடு நிறுத்தலாமா?

சாரல்_வீடு

தென்காசிப் பக்கம். மூணு பேஸ் இணைப்பு, கம்பத்திலிருந்து ஒயர் மேலாகவே வருகிறது. கூரையில் இடிதாங்கி இல்லை. அறையில் உள்ளவை: 7.2 ஏ.வி. ரிசீவர், 65 அங்குல டி.வி., சீலிங்கில் லேம்ப் ப்ரொஜெக்டர் (ரிசீவரிலிருந்து 9 மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள்), எதிர்ச்சுவர் ப்ளக்கில் பவர்டு சப்வூபர், டி.டி.எச். பெட்டி, பைபர் இணையப் பெட்டி, சி.சி.டி.வி. பதிவுப் பெட்டியான என்.வி.ஆர். (அதுவும் எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவரில்தான் சேர்கிறது).

பாதுகாப்பு என்று இருப்பது ஒரு ஸ்பைக் பஸ்டர் ப்ளக் ஸ்ட்ரிப் மட்டும். ஐப்பசி இடி தொடங்குமுன் ஏற்பாடு முடிய வேண்டும். எத்தனை ஜூல் உள்ளது வாங்குவது? டி.பி.யில் (மின் பகிர்வுப் பெட்டி) எஸ்.பி.டி. (சர்ஜ் பாதுகாப்புக் கருவி) போட்டால் ஸ்பைக் பஸ்டர் தேவையில்லையா? ஸ்டெபிலைசரும் வேண்டுமா?

---

மின்கம்பி

ஜூல் கணக்கைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் எதிரி யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குப் போட்ட பூட்டு மற்றவரைத் தடுக்காது.

முதல் ஆள் சர்ஜ். பக்கத்தில் இடி விழுந்தாலோ, டிரான்ஸ்பார்மர் பக்கம் ஸ்விட்ச் போட்டு எடுத்தாலோ வருவது. ஆயுசு சில பத்து மைக்ரோசெகண்ட், உயரம் ஆயிரக்கணக்கான வோல்ட். எஸ்.பி.டி.யும் ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் எம்.ஓ.வி. வில்லையும் (வோல்ட் எல்லை தாண்டினால் கடத்தும் சிறு தட்டு) இவருக்காக.

இரண்டாவது ஆள் நியூட்ரல் கட். மூணு பேஸ் வீட்டிலோ தெருவிலோ நியூட்ரல் விட்டுப்போனால், இரண்டு பேஸ்களில் இருக்கும் சுமைகள் 400 வோல்ட்டுக்கும் அதிகமான அழுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுபோல் ஆகிவிடும். அதில் எந்தப் பேஸில் சுமை குறைவோ, அந்தப் பக்கம் வோல்ட் ஏறும். ஒரு பேஸில் ஏ.சி.யும் ஹீட்டரும் ஓட, இன்னொன்றில் டி.வி. மட்டும் இருந்தால், டி.வி.க்கு 350க்கு மேல் போவது சாதாரணம். இது மைக்ரோசெகண்ட் விவகாரம் இல்லை. யாராவது மெயினை அணைக்கும்வரை நீடிக்கும். எம்.ஓ.வி.யால் இதைத் தாங்கவே முடியாது. 20டி431 என்று அச்சிட்ட வில்லை 430 வோல்ட்டில் கடத்த ஆரம்பிக்கும். 415 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 587. ஒவ்வொரு அரைச்சுற்றிலும் கடத்திக் கடத்தி, சில நொடிகளில் கருகிவிடும்.

மூன்றாவது ஆள் கரண்ட் கம்பி வழியாக வருவதே இல்லை. டிஷ் கேபிள், கேமரா கேபிள், கேட்டிலிருந்து வரும் லேன் கேபிள் என்று பின்வாசலில் நுழைகிறவர். எச்.டி.எம்.ஐ. போர்டு மட்டும் செத்து, ரிசீவரின் பவர் சப்ளை நன்றாக இருந்தால், பெரும்பாலும் இவர் வேலைதான்.

உங்கள் பட்டியலில் டிஷ், என்.வி.ஆர். இரண்டும் இருக்கின்றன. ஆக, மூன்றாவது ஆளுக்கு இரண்டு கதவு திறந்தே கிடக்கிறது.

---

பெட்டிக்கடை

ஸ்டெபிலைசர் போட்டாலே எல்லாம் அடங்கிடுமே? கடையில 'டி.வி. ஸ்டெபிலைசர், ஸ்பைக் பாதுகாப்போடு'ன்னுதான் தர்றாங்க.

---

மின்கம்பி

ஸ்டெபிலைசரில் ரிலே இருக்கும். அது புரட்ட மில்லிசெகண்ட் கணக்கில் ஆகும். சர்ஜ் அதற்குள் ஆயிரம் முறை வந்து போயிருக்கும். 'ஸ்பைக் பாதுகாப்பு' என்று அட்டையில் போடுவது உள்ளே இருக்கும் ஒரு எம்.ஓ.வி. வில்லைக்காக. அதே வில்லை ஸ்பைக் பஸ்டரிலும் உண்டு.

ஸ்டெபிலைசர் உதவுவது, வோல்ட் நாள் முழுக்க 180க்கும் 260க்கும் நடுவே ஆடும் இடங்களில். டி.வி., டி.டி.எச். பெட்டி, பைபர் பெட்டி எல்லாம் எஸ்.எம்.பி.எஸ். (வோல்ட் ஏறி இறங்கினாலும் தானே சரிசெய்துகொள்ளும்) சப்ளை, பின்பக்க லேபிளில் 100–240 என்று இருந்தால் தாழ்வான வோல்ட் பற்றிக் கவலையில்லை. ஏ.வி. ரிசீவரில் பெரும்பாலும் பெரிய இரும்பு டிரான்ஸ்பார்மர் இருக்கும், லேபிளில் 230 மட்டும் இருக்கும். அதற்குத் தொடர்ந்த ஏற்றம் கெடுதல்தான். ஆனாலும் ஸ்டெபிலைசருக்கு முன்னால் வாங்கவேண்டியது டி.பி.யில் போடும் வோல்டேஜ் ப்ரொடெக்டர். எல்லை தாண்டினால் வெட்டிவிடும், திருத்துகிறேன் பேர்வழி என்று எதையும் செய்யாது. மேல் எல்லை 265 அல்லது 270, கீழ் எல்லை 180, திரும்பச் சேரும் தாமதம் 60 நொடி. அதே லைனில் ப்ரிட்ஜ் இருந்தால் 180 நொடி.

---

ஒயர்மேன்52

எஸ்.பி.டி. பற்றி நான் சொல்றேன். கடைக்குப் போய் 'எஸ்.பி.டி. குடுங்க'ன்னு மட்டும் கேட்டா கையில கிடைச்சதைக் குடுப்பாங்க. கேட்க வேண்டியது இது:

மூணு பேஸ் வீட்டுக்கு 3+1 அமைப்பு. அதாவது மூணு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எம்.ஓ.வி., நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே கேஸ் டிஸ்சார்ஜ் குழாய் (வோல்ட் ரொம்ப ஏறினா மட்டும் கடத்தும்). ஒரு பேஸ் வீடுன்னா 1+1. நம்ம பக்கம் மின்வாரியம் எர்த் கம்பி தர்றதில்லை. வீட்டுக்கு வீடு எர்த் குழி. இந்த அமைப்புல நாலும் எம்.ஓ.வி.யா இருக்கிற 4+0 பெட்டி வேணாம். ஒரு வில்லை பழசாகிக் கசிய ஆரம்பிச்சா பேஸ் கரண்ட் நேரா எர்த் கம்பியில இறங்கும். குழி ரெசிஸ்டன்ஸ் அதிகமா இருந்தா ப்யூஸும் போகாது, எர்த் கம்பி தொட்ட எல்லாப் பாடியிலயும் ஷாக் அடிக்கும். கேஸ் குழாய் நடுவுல இருந்தா அந்தக் கசிவுக்கு வழியில்லை.

எஸ்.பி.டி. தொடர்ந்து தாங்குற வோல்ட் 275ன்னு இருக்கும், 320ன்னும் இருக்கும். ராத்திரி 255, 260 போற ஊர்ல 320 எடுங்க.

டைப் 2ன்னா (தூரத்து இடி, ஸ்விட்ச் சர்ஜுக்கானது): ஒரு முனைக்கு சாதா வெளியேற்றம் 20 கிலோஆம்பியர், உச்சம் 40. காப்பு வோல்ட் (சர்ஜ் வரும்போது அது உள்ள விடுற வோல்ட்) 1.5 கிலோவோல்ட்டுக்கு மேல போகக்கூடாது.

உங்களுக்கு ஒயர் மேலே வருது, சுத்தி வெட்டவெளியா இருக்கும்போல. டைப் 1+2 (நேர் இடியோட பங்கையும் தாங்குறது) எடுத்தா இன்னும் நல்லது, முனைக்கு 12.5 கிலோஆம்பியர். இந்த 12.5 சும்மா வந்த எண் இல்ல. 100 கிலோஆம்பியர் இடின்னு வச்சுக்குங்க. பாதி மண்ணுக்குள்ள போகுது, மீதி 50 நாலு கம்பியில பிரியுது. அதுதான் கணக்கு.

பொருத்துற இடம்: மெயின் ஐசொலேட்டருக்கு அடுத்து, ஆர்.சி.சி.பி.க்கு (எர்த் கசிவைக் கண்டு கரண்ட்டை வெட்டுற பிரேக்கர்) முன்னால. பின்னால போட்டா ஒவ்வொரு இடிக்கும் ஆர்.சி.சி.பி. விழும். வெளியூர் போயிருக்கும்போது விழுந்தா ப்ரிட்ஜ்ல இருக்கிறதெல்லாம் கோவிந்தா.

---

எர்த்குழி

ஒயர்மேன் அண்ணன் சொன்னதோடு ஒரு விஷயம். நல்ல எஸ்.பி.டி. வாங்கி, மோசமாக மாட்டி, பாதிப் பலனை இழப்பதுதான் அதிகம் நடக்கிறது. காரணம் ஒயர் நீளம்.

ஒரு மீட்டர் ஒயருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி தூண்டம் (வேகமாக மாறும் கரண்ட்டை எதிர்க்கும் குணம்). 5 கிலோஆம்பியர் சர்ஜ் 8 மைக்ரோசெகண்டில் உச்சம் தொட்டால், மீட்டருக்கு 600 வோல்ட் கூடுதலாக எழும். எஸ்.பி.டி.யிலிருந்து பேஸுக்கு 70 செ.மீ., எர்த் பாருக்கு (எர்த் கம்பிகள் சேரும் பட்டை) 1.3 மீட்டர் என்று சுற்றிச்சுற்றி மாட்டினால் 2 மீட்டர், 1,200 வோல்ட். பெட்டியில் 1.5 கிலோவோல்ட் என்று அச்சடித்திருக்கும். வீட்டுக்குள் போவது 2.7. அந்த ஒயரைத் தடிமனாக்கிப் போட்டாலும் பெரிதாகக் குறையாது, நீளத்தைத்தான் குறைக்க வேண்டும். சாதாரண வீட்டுக் கருவிகளுக்கு எதிர்பார்க்கும் தாங்குதிறன் 2.5, நுட்பமான மின்னணுவுக்கு 1.5 என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு பக்கமும் சேர்த்து 50 செ.மீ.க்குள் முடிக்க வேண்டும். வழிகள்:

எஸ்.பி.டி.க்குப் பக்கத்திலேயே, டி.பி.க்குள்ளேயே ஒரு எர்த் பார் வையுங்கள். அங்கிருந்து குழிக்குப் போகும் கம்பி எத்தனை மீட்டர் ஆனாலும் அது வேறு கணக்கு. உங்கள் கருவிகளின் எர்த் கம்பிகள் இந்தப் பாரிலிருந்துதானே கிளம்புகின்றன!

முடிந்தால் 'வி' இணைப்பு: மெயின் ஒயர் நேராக எஸ்.பி.டி. முனைக்கு வந்து, அதே முனையிலிருந்து அடுத்த பிரேக்கருக்குப் போகட்டும். கிளை ஒயரே இருக்காது. முனை இரண்டு ஒயரையும் பிடிக்கும் வகையா, வீட்டு மொத்தக் கரண்டையும் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயர் செம்பு: டைப் 2க்கு 6 சதுர மி.மீ., டைப் 1க்கு 16. வளைவு மென்மையாக இருக்கட்டும். மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டி வைப்பது அழகாகத் தெரியும், ஆனால் சர்ஜுக்கு அது காயில், தூண்டம் கூடும்.

---

இசைக்காதன்

ஆடியோவுக்குத் தனி எர்த் குழி வெட்டுவது நல்லதில்லையா? ஸ்பீக்கரில் வரும் ஹம் சத்தம் போக நிறையப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். சுத்தமான எர்த், வீட்டு மோட்டார், ப்ரிட்ஜ் கசிவெல்லாம் கலக்காது.

---

எர்த்குழி

தனிக்குழி என்ற யோசனை இந்தத் துறையில் மிகவும் ஆபத்தானது. ஏன் என்று ஒரு கணக்கு.

வீட்டுக் குழி 5 ஓம். அதில் 1 கிலோஆம்பியர் இறங்குகிறது; இடிக்கு இது கொசுறு. அந்தக் குழியோடு சேர்ந்த எல்லாமும் தூர மண்ணைவிட 5,000 வோல்ட் மேலே ஏறுகிறது. உங்கள் ஆடியோ குழி பத்தடி தள்ளி, தனியாக, ஏறாமல் நிற்கிறது. இப்போது வீட்டு எர்த்தில் இருக்கும் என்.வி.ஆருக்கும் ஆடியோ எர்த்தில் இருக்கும் ரிசீவருக்கும் நடுவே 5,000 வோல்ட் வித்தியாசம். இரண்டையும் இணைப்பது ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள். அந்தக் கேபிளின் மறுமுனையில் 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் சிப்.

எல்லாமே சேர்ந்து 5,000 வோல்ட் ஏறினால் எதற்கும் ஒன்றும் ஆகாது. கரண்ட் கம்பியில் உட்கார்ந்த காக்கை மாதிரி. வித்தியாசம்தான் கொல்கிறது. அதனால் குழி 2 ஓமா 8 ஓமா என்பதைவிட, வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு உலோகக் கம்பியும் ஒரே எர்த் பாரைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறதா என்பதே முக்கியம். குழி 10 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

இரண்டாவது குழி ஏற்கெனவே இருந்தால் மூட வேண்டாம். 25×3 மி.மீ. ஜி.ஐ. பட்டையாலோ 16 சதுர மி.மீ. செம்பாலோ முதல் குழியோடு சேர்த்துவிடுங்கள்.

ஹம் என்பது வேறு நோய். பெரும்பாலும் கேபிள் டி.வி. கோஆக்ஸ் அல்லது வேறு ப்ளக்கில் இருக்கும் சப்வூபரால் வரும் எர்த் வளையம். எல்லாவற்றையும் ஒரே ப்ளக் வரிசைக்குக் கொண்டுவந்தாலே பாதிக்கு மேல் அடங்கும். எர்த் பின்னை உடைத்துச் சத்தத்தை நிறுத்துவது உயிருக்கு உலை.

---

சாரல்_வீடு

நன்றி. எர்த் எப்படி இருக்கிறது என்று மல்டிமீட்டரில் பார்த்ததில், தியேட்டர் அறை ப்ளக்கில் நியூட்ரல்-எர்த் நடுவே 11 வோல்ட். ஹீட்டர் போட்டால் 14. இது சரியா? எலக்ட்ரீஷியன் 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டுப் பார்த்து, நன்றாக எரிகிறது, எர்த் பிரமாதம் என்கிறார்.

---

ஒயர்மேன்52

பல்பு டெஸ்ட் எதையும் நிரூபிக்காது தம்பி. 100 வாட் பல்பு எரியும்போது அதோட ரெசிஸ்டன்ஸ் 529 ஓம். உங்க குழி 50 ஓம் இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும். பளிச்சுன்னுதான் எரியும். குழிக்குப் போற கம்பி அறுந்திருந்தா இன்னும் மோசம்: பல்பு வழியா பேஸ் வந்து வீட்ல இருக்கிற எல்லாக் கிரைண்டர், வாஷிங் மிஷின் பாடியிலயும் நிக்கும். இந்த டெஸ்டை யாரையும் செய்ய விடாதீங்க.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? 0.4 ஆம்பியர் எர்த்ல போயும் ஆர்.சி.சி.பி. விழலை. ஒண்ணு உங்க வீட்ல 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்ல, இல்லைன்னா அது செத்துப்போச்சு. சர்ஜை விட்டுட்டு முதல்ல அதைப் பாருங்க. டெஸ்ட் பட்டனை அமுக்கினா விழணும்.

குழியை அளக்க எர்த் டெஸ்டர் வச்சிருக்கிற ஆளைக் கூப்பிடுங்க. ரெண்டு ஈட்டியைத் தள்ளித்தள்ளி மண்ணுல அடிச்சு அளப்பாங்க, அதுதான் சரியான முறை.

---

மின்கம்பி

11 வோல்ட் அதிகம். 2, 3 இருந்தால் கவலைப்பட மாட்டேன். எங்கிருந்து வருகிறது என்று பிரிக்கலாம்: வீட்டுச் சுமை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மெயின் மட்டும் போட்டபடி அளக்கச் சொல்லுங்கள்.

அப்போதும் 10 பக்கம் இருந்தால், தெரு நியூட்ரலே மண்ணைவிட மேலே நிற்கிறது, அல்லது உங்கள் எர்த் கம்பி எங்கோ விட்டு மிதக்கிறது. அணைத்ததும் இறங்கிவிட்டால் உங்கள் சொந்த நியூட்ரல் பாதையில் எங்கோ தளர்வு. உங்களுக்கு ஹீட்டரோடு 3 வோல்ட் ஏறியிருக்கிறது, ஆக இரண்டும் கொஞ்சம் கலந்திருக்கலாம். மீட்டர் போர்டில் நியூட்ரல் இணைப்பு, கட்-அவுட், வெளியிலிருந்து வரும் அலுமினிய ஒயர் செம்போடு சேரும் இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அலுமினியமும் செம்பும் நேராக முறுக்கியிருந்தால் துருப்பிடித்துச் சூடாகும். அங்கே இரண்டு உலோகத்தையும் சேர்க்கும் பைமெட்டல் லக் வேண்டும். மீட்டருக்கு முந்தைய பகுதியில் கை வைக்கக்கூடாது, அது வாரியத்தின் வேலை.

தளர்ந்த நியூட்ரல் நாளைய நியூட்ரல் கட். நான் சொன்ன இரண்டாவது ஆள் உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். வோல்டேஜ் ப்ரொடெக்டரை எஸ்.பி.டி. வாங்கும் அன்றே வாங்குங்கள்.

---

எர்த்குழி

இப்போது பின்வாசல். ஒவ்வொன்றாக.

டிஷ். மொட்டைமாடியில் இருக்கும் டிஷ் காலை எர்த்தோடு சேர்க்க வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எப் கனெக்டர் வைத்த கோஆக்ஸ் சர்ஜ் பாதுகாப்பான். அதில் இரண்டைக் கவனியுங்கள்: அலைவரிசை 2,150 மெகாஹெர்ட்ஸ் வரை விட வேண்டும், எல்.என்.பி.க்கு (டிஷ் முன்னால் சிக்னல் பிடிக்கும் பகுதி) போகும் 13/18 வோல்ட் டி.சி.யையும் விட வேண்டும். கேபிள் டி.வி.க்கான ஐசொலேட்டரை வாங்கிவந்து மாட்டினால் டி.சி. தடைபட்டு 'சிக்னல் இல்லை' என்று வரும். பாதுகாப்பானின் எர்த் முனையிலிருந்து அதே பழைய எர்த் பாருக்கு 6 சதுர மி.மீ. ஒயர். கேபிள் மேற்கில் நுழைந்து டி.பி. கிழக்கில் இருந்தால், கேபிளை டி.பி. பக்கம் வளைத்துக் கொண்டுவருவதே மேல். 15 மீட்டர் எர்த் ஒயர் இழுத்தால் மேலே சொன்ன மீட்டருக்கு 600 வோல்ட் கணக்கு இங்கும் வந்து நிற்கும்.

என்.வி.ஆர். உங்கள் வீட்டில் மிக மோசமான வாசல் இதுதான். மதில்சுவர், மாடி, கேட் என்று நாலாபக்கமும் 30, 40 மீட்டர் கேமரா கேபிள். எங்கே இடி விழுந்தாலும் அதில் தூண்டல். அதை எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவரில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கேபிளைக் கழற்றுங்கள். கேமராவை டி.வி.யில் பார்க்க வேண்டுமானால் வைபையில் ஆப் மூலம் பாருங்கள். என்.வி.ஆருக்கும் ரவுட்டருக்கும் லேன் வேண்டுமென்றால் நடுவில் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் (லேன் சிக்னலை ஒளியாக மாற்றும் பெட்டி) ஒரு பைபர் துண்டும் போடுங்கள். கண்ணாடி இழையில் சர்ஜ் வராது.

பைபர் இணையம். பைபர்தானே என்று விட்டுவிடாதீர்கள். கம்பத்திலிருந்து வரும் ட்ராப் கேபிளில் இழுவைக்காக இரும்புக் கம்பி ஓடும் வகை உண்டு. அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியே கொக்கியிலேயே நிறுத்தி, உள்ளே இழை மட்டும் வர வேண்டும். பெட்டி வரைக்கும் இரும்போடு கொண்டுவந்து சுருட்டி வைத்திருந்தால் வெட்டச் சொல்லுங்கள்.

ப்ரொஜெக்டர். 9 மீட்டர் எச்.டி.எம்.ஐ. ஒரு பக்கம், அதன் கரண்ட் ஒயர் சீலிங் லைட் லைனிலிருந்து இன்னொரு பக்கம் என்றால், இரண்டும் சேர்ந்து பெரிய வளையம். இடியின் காந்தப்புலம் அந்த வளையத்துக்குள் நேராக வோல்ட்டைத் தூண்டும், கம்பி எதையும் தொட வேண்டிய அவசியமே இல்லை. வளையத்தின் பரப்பு பெரிதானால் வோல்ட்டும் பெரிது. ப்ரொஜெக்டருக்கு ரிசீவர் இருக்கும் ப்ளக் வரிசையிலிருந்தே கரண்ட் கொண்டுபோய், எச்.டி.எம்.ஐ.யோடு பக்கத்துப் பைப்பில் ஓட்டுங்கள். ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. கேபிளும் நல்லதுதான், ஆனால் பெரும்பாலானவற்றில் 5 வோல்ட்டுக்கும் கட்டுப்பாட்டு சிக்னலுக்கும் செம்புக் கம்பி உள்ளேயே ஓடுகிறது. முழுப் பிரிப்பு என்று நம்பிவிடாதீர்கள்.

சப்வூபர். எதிர்ச்சுவர் ப்ளக் வேறு சர்க்யூட் என்றால் அதையும் இந்த வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். ஆர்.சி.ஏ. கேபிளின் ஷீல்டுதான் இரண்டு சர்க்யூட்டுக்கும் பாலமாக இருக்கிறது.

---

பெட்டிக்கடை

சரி, அப்ப ஸ்பைக் பஸ்டர் எதுக்கு? டி.பி.யிலயே எல்லாம் முடிஞ்சிருச்சே.

---

மின்கம்பி

டி.பி.யிலிருந்து தியேட்டர் ப்ளக் 10 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால், எஸ்.பி.டி. விட்ட மிச்ச வோல்ட் ஒயரின் கடைசியில் மோதித் திரும்பி இரண்டு மடங்கு வரை ஏறலாம். போர் மோட்டார், ஏ.சி. கம்ப்ரெசர் போன்ற வீட்டுக்குள்ளேயே பிறக்கும் ஸ்பைக்குகளும் உண்டு. அதற்குத்தான் கருவிக்குப் பக்கத்தில் வைக்கும் சிறிய பாதுகாப்பான டைப் 3. ப்ளக் ஸ்ட்ரிப் அந்த வேலையைச் செய்யும், டி.பி.யில் பெரியது இருக்கும்போது. தனியாக அதை மட்டும் நம்பினால் வாழைநாரில் யானையைக் கட்டின மாதிரி.

ஸ்ட்ரிப் பார்க்கும்போது: பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றிலும் பாதுகாப்பு, வில்லையோடு ஒட்டிய வெப்ப ப்யூஸ், பாதுகாப்பு செத்தால் அணையும் விளக்கு (ஸ்விட்ச் விளக்கு வேறு, இது வேறு). மலிவானவற்றைத் திறந்தால் மூன்றுக்குப் பதில் பேஸ்-நியூட்ரலில் ஒரே ஒரு 10 மி.மீ. வில்லை இருக்கும். 20 மி.மீ. வில்லை ஒரு முறைக்கு 8 கிலோஆம்பியர் வரை தாங்கும்.

ஜூல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 5 கிலோஆம்பியர், வில்லையில் 1,000 வோல்ட், 20 மைக்ரோசெகண்ட்: பெருக்கினால் 100 ஜூல்தான். அட்டையில் 2,000 ஜூல் என்பது எல்லா வில்லைகளின் கூட்டுத்தொகை, எந்த அலைவடிவில் என்றும் சொல்வதில்லை. கிலோஆம்பியரும் காப்பு வோல்ட்டும் அச்சிட்டிருக்கும் பொருளை எடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் '330 வோல்ட்' ஸ்ட்ரிப்பைத் (330 என்பது அதன் காப்பு வோல்ட்) தொடவே வேண்டாம். அது 120 வோல்ட் ஊருக்கானது. நம் 230இன் உச்சமே 325. செருகினதும் வில்லை வெடிக்கலாம். நம் வோல்ட்டில் 20டி431 வில்லையே 100 ஆம்பியரில் 710 வோல்ட் காட்டும்.

---

இசைக்காதன்

ஆம்ப்ளிபயரை ஸ்ட்ரிப்பில் போட்டால் பாஸ் அமுங்கும் என்பது?

---

மின்கம்பி

எம்.ஓ.வி. பக்கவாட்டில் நிற்கிறது, சாதாரண நேரத்தில் கரண்ட் அதற்குள் போவதே இல்லை. 500 வாட் இழுக்கும் ரிசீவருக்கு 2.2 ஆம்பியர்தான். பாஸ் அமுங்கினால் லூசான ப்ளக்கைப் பாருங்கள். சொருகியதும் ஆடினால் அந்த ஸ்ட்ரிப் குப்பைக்கு.

---

ஒயர்மேன்52

இன்வெர்ட்டர் இருக்கான்னு நீங்க சொல்லலை. இருந்தா, கரண்ட் இருக்கும்போது அது பைபாஸ்லதான் ஓடும், உள்ள வர்ற சர்ஜ் அப்படியே வெளிய போகும். அதனால எஸ்.பி.டி. இன்வெர்ட்டருக்கு முன்னால. கூரைல சோலார் இருந்தா அதோட டி.சி. பக்கத்துக்குத் தனி டி.சி. எஸ்.பி.டி. வேணும், ஏ.சி. எஸ்.பி.டி.யை அங்க போடக்கூடாது.

லேம்ப் ப்ரொஜெக்டருக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ். போடுங்க. திடீர்னு கரண்ட் போனா பேன் நின்னு லேம்ப் சூட்டுலயே வேகும். 300 வாட் ப்ரொஜெக்டர்னா 600 வி.ஏ., சைன் வேவ். அஞ்சு நிமிஷம் போதும், அணைச்சு ஆற விடத்தான். ரிசீவருக்கு யு.பி.எஸ். வேணாம்.

---

சாரல்_வீடு

அப்படியானால் என் பட்டியல்: டி.பி.யில் 3+1 டைப் 1+2, தியேட்டர் சர்க்யூட்டுக்கு 32 ஆம்பியர் வோல்டேஜ் ப்ரொடெக்டர், டபுள் போல் பிரேக்கர் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது), 2.5 சதுர மி.மீ. தனி லைன், ஒரே 16 ஆம்பியர் ப்ளக்கிலிருந்து ஒரு நல்ல ஸ்ட்ரிப், டிஷ்ஷுக்கு கோஆக்ஸ் பாதுகாப்பான், என்.வி.ஆர். பிரிப்பு, ப்ரொஜெக்டருக்கும் சப்வூபருக்கும் இதே லைன். நியூட்ரலும் ஆர்.சி.சி.பி.யும் முதலில். விட்டுப்போனது உண்டா?

இவ்வளவும் செய்தால் இடி இடிக்கும்போது ப்ளக்கைப் பிடுங்க வேண்டாம்தானே?

---

எர்த்குழி

பட்டியல் சரி. 2.5 சதுர மி.மீ. லைனுக்கு பிரேக்கர் 16 ஆம்பியர், அதற்கு மேல் வேண்டாம். எஸ்.பி.டி.யின் தாளில் அதற்கு முன்னால் இருக்கும் ப்யூஸ் எத்தனை ஆம்பியர் வரை என்று போட்டிருக்கும். வீட்டு மெயின் ப்யூஸ் அதற்குள் இருந்தால் தனி ப்யூஸ் தேவையில்லை.

பிடுங்குவது இன்னமும் நல்லதுதான், தொலைவில் உறுமல் கேட்கும்போதே. தலைக்குமேல் இடிக்கும்போது ப்ளக்கையும் கேபிளையும் தொடக்கூடாது. பிடுங்கினால் முழுதாக: பவர் ப்ளக், டிஷ் கேபிள், லேன் மூன்றும். பவரை மட்டும் எடுத்துவிட்டு டிஷ் கேபிளை விட்டால், சர்ஜ் ரிசீவர் வழியாக வேறு வெளிவாசல் தேடும். ஸ்விட்சை அணைப்பது கணக்கில் சேராது. அது பேஸை மட்டும், சில மில்லிமீட்டர் இடைவெளியில் பிரிக்கிறது. நியூட்ரலும் எர்த்தும் அப்படியே இருக்கின்றன.

---

பெட்டிக்கடை

எஸ்.பி.டி.யில நல்லா இருக்குன்னு காட்டுற பச்சை ஜன்னல் சிவப்பாச்சுன்னா மொத்தமும் மாத்தணுமா?

---

ஒயர்மேன்52

ஒவ்வொரு முனைக்கும் தனியா உருவிக் கழட்டுற கட்டை வகைன்னா சிவப்பான கட்டையை மட்டும் மாத்தினாப் போதும், அதே கம்பெனி, அதே வோல்ட். பேஸ் கட்டை இருக்கிற இடத்துல நியூட்ரல்-எர்த் கட்டை ஏறாதபடி நல்ல கம்பெனிகள் வடிவத்துலயே தடுப்பு வச்சிருக்கும். ஏறலைன்னா அமுக்கித் திணிக்காதீங்க. சிவப்பானாலும் வீட்டுக் கரண்ட் வழக்கம்போல வரும், அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க. டி.பி. கதவை மாசம் ஒரு தடவையும், பெரிய இடி முடிஞ்ச மறுநாளும் திறந்து பாருங்க. கேஸ் குழாய் இருக்கிற நாலாவது கட்டையில சில மாடல்ல ஜன்னலே இருக்காது. அது கோளாறு இல்ல.